படை கொடுத்த அரியணை: ரோமப் பேரரசர்கள் ஏன் நிலைக்கவில்லை?

கி.பி. 248 வாக்கில் டான்யூப் ஆற்றங்கரையில் இருந்த ரோமப் படைகள் பகாட்டியானஸ் என்ற தளபதியைப் பேரரசராக அறிவித்தன. அப்போது ரோமில் ஆட்சியில் இருந்தவர் பிலிப். செய்தி கேட்டுக் கலங்கிப்போன அவர், பதவி விலகவும் தயார் என்று செனட் சபையில் சொன்னதாகக் குறிப்பு இருக்கிறது. சபையில் யாரும் வாய் திறக்கவில்லை. டெசியஸ் என்ற மூத்த செனட்டர் மட்டும் எழுந்து, பயப்பட ஒன்றுமில்லை, அந்த ஆளை அவருடைய வீரர்களே முடித்துவிடுவார்கள் என்றார். அப்படியே நடந்தது. இவ்வளவு தெளிவாகப் பார்க்கத் தெரிந்தவர்தான் டான்யூப் படையைச் சீர்படுத்தச் சரியான ஆள் என்று பிலிப்புக்குத் தோன்றியது. என்னை அனுப்பாதீர்கள், உங்களுக்கும் நல்லதில்லை, எனக்கும் நல்லதில்லை என்று டெசியஸ் மன்றாடினார். பிலிப் கேட்கவில்லை.

கலகத்துக்குத் துணைபோனதற்குத் தண்டனை வரும் என்று டான்யூப் வீரர்கள் அஞ்சிக்கொண்டிருந்தார்கள். விசாரிக்க வந்தவரையே பேரரசராக்கிவிட்டால் அப்புறம் விசாரணை ஏது? வாளைக் காட்டி டெசியஸுக்கு அரச அங்கியைப் போர்த்தினார்கள். ரோமுக்கு வந்ததும் இதைக் கழற்றிவிடுகிறேன் என்று அவர் பிலிப்புக்கு எழுதினாராம். பிலிப் நம்பவில்லை. அவர் இடத்தில் யார் இருந்தாலும் நம்பியிருக்க முடியாது. 249இல் இரண்டு படைகளும் மோதின, பிலிப் மாண்டார். இரண்டே ஆண்டில், இன்றைய பல்கேரியாவில் உள்ள அப்ரிட்டஸ் அருகே, எல்லைக்கு அப்பாலிருந்து வந்த கோத்தியர் என்ற இனத்தாரோடு நடந்த சண்டையில் டெசியஸும் அவர் மகனும் உயிர்விட்டார்கள். அந்நியப் பகைவரோடு போரிட்டுக் களத்தில் மடிந்த முதல் ரோமப் பேரரசர் அவர்தான்.

டெசியஸ் அரைமனதோடுதான் ஒப்புக்கொண்டார் என்பது அவருக்கு வேண்டியவர்கள் பரப்பிய கதையாகவும் இருக்கலாம். துரோகத்தை மறைக்க நல்ல கதை அது. ஆனால் அன்று கேட்டவர்கள் அதை நம்பினார்கள் என்பதே பெரிய விஷயம். ஒரு தளபதியைப் படை பேரரசராக அறிவித்துவிட்டால் அவர் மறுக்க வழியில்லை என்பது அப்போது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மறுத்தால் எதிரே நிற்கும் வீரர்களே கொல்வார்கள். அவர்களிடமிருந்து தப்பினாலும், ஒருமுறை பெயர் அடிபட்டுவிட்ட ஆளை ரோமில் இருக்கும் பேரரசர் உயிரோடு விடமாட்டார்.

235 முதல் 284 வரையிலான 49 ஆண்டுகளில் செனட் ஏற்றுக்கொண்ட பேரரசர்கள் மட்டுமே 20 பேருக்கு மேல். அங்கங்கே படைகள் அறிவித்துவிட்டு அழித்துவிட்டவர்களையும் சேர்த்தால் பட்டியல் 50ஐ நெருங்கும். இவர்களில் நோய் வந்து படுக்கையில் இறந்தார் என்று உறுதியாகச் சொல்லக்கூடியவர் இரண்டாம் கிளாடியஸ் ஒருவர்தான், 270இல், கொள்ளைநோயில். ரோமப் பேரரசர்கள் என்றாலே பித்தும் பேராசையும் பிடித்தவர்கள் என்ற படம்தான் நம் மனதில் பதிந்திருக்கிறது. நீரோ, கலிகுலா கதைகள் செய்த வேலை அது. இந்த 49 ஆண்டுகளில் அரியணை ஏறியவர்களில் பெரும்பாலோர் அப்படிப்பட்டவர்கள் அல்ல. எல்லைகளில் வெயிலிலும் பனியிலும் உழைத்த, திறமையான படைத்தலைவர்கள். அவர்கள் குணத்தைத் திருத்தியிருந்தாலும் அவர்கள் பிழைத்திருக்கமாட்டார்கள் என்றே நினைக்கிறேன். கோளாறு அந்தப் பதவி கட்டப்பட்ட விதத்திலேயே இருந்தது.

அதைப் புரிந்துகொள்ள அகஸ்டஸிடம் போக வேண்டும். உள்நாட்டுப் போர்களில் வென்று முழு அதிகாரத்தையும் கையில் எடுத்த அவர், ரோமில் மன்னராட்சி வந்துவிட்டது என்று ஒருநாளும் ஒப்புக்கொள்ளவில்லை. குடியரசு அப்படியே இருக்கிறது, நான் முதல் குடிமகன் மட்டும்தான் என்றார். கி.மு. 27இலும் 23இலும் செனட் அவருக்குத் தனித்தனியாகச் சில அதிகாரங்களை வழங்கியது. முக்கியமான எல்லைப் பகுதிகளின் படைத்தலைமை ஒன்று, மக்கள் பிரதிநிதிக்குரிய தடை அதிகாரம் ஒன்று. இப்படிச் சேர்த்துக் கட்டிய மூட்டைதான் பேரரசர் பதவி. மன்னரே இல்லை என்று சொல்லிவிட்ட பிறகு, அடுத்த மன்னர் யார் என்று சட்டம் எழுத முடியுமா? வாரிசுச் சட்டம் எழுதப்படவே இல்லை. மகன் இருந்தால் மகன், இல்லையென்றால் தத்து எடுத்தவர் என்று வழக்கமாக நடந்தது. அதுவும் இல்லாதபோது, ஆயுதம் வைத்திருப்பவர் கேட்டதே சட்டம்.

41ஆம் ஆண்டில் கலிகுலா கொல்லப்பட்டபோதே இது தெரிந்துவிட்டது. இனி பேரரசரே வேண்டாம், குடியரசைத் திரும்பக் கொண்டுவரலாமா என்று செனட் விவாதித்துக்கொண்டிருந்தது. அதே நேரத்தில் அரண்மனையில் திரைக்குப் பின்னால் ஒளிந்திருந்த கலிகுலாவின் சித்தப்பா கிளாடியஸை, பேரரசரின் மெய்க்காவல் படையான பிரிட்டோரியன் காவற்படையின் வீரர்கள் கண்டுபிடித்துத் தங்கள் பாசறைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆளுக்கு 15,000 செஸ்டர்ஸ் (ரோம நாணயம்) தருவதாக அவர் வாக்களித்தார். செனட்டின் விவாதம் அதோடு முடிந்தது. புதுப் பேரரசர் படைக்கு அன்பளிப்புத் தருவது அன்றிலிருந்து கட்டாயக் கடமை போல ஆகிவிட்டது.

69ஆம் ஆண்டு இன்னும் ஒரு படி மேலே போனது. நீரோ இறந்த பிறகு ஸ்பெயினிலிருந்து வந்த கால்பா, தன் பெயரைச் சொல்லிக் காவற்படைக்கு வேறொருவர் வாக்களித்திருந்த தொகையைக் கொடுக்க மறுத்தார். வீரர்களைத் தேர்ந்தெடுப்பது என் வழக்கம், விலைக்கு வாங்குவது இல்லை என்றார். கொள்கையாகப் பார்த்தால் அவர் சொன்னதில் தவறே இல்லை. ஜனவரி 15 அன்று ரோமின் மையச் சதுக்கத்தில் அவரை வெட்டிக் கொன்றார்கள். அடுத்து வந்த ஓத்தோவைத் தொடக்கத்தில் வாழ்த்தியது வெறும் 23 வீரர்கள். அவர் ஆட்சி மூன்று மாதம். ரைன் படைகள் அறிவித்த விட்டேலியஸ் அவரை வென்றார். கிழக்கிலிருந்தும் டான்யூப்பிலிருந்தும் வந்த படைகள் விட்டேலியஸை வீழ்த்தி வெஸ்பாசியனைக் கொண்டுவந்தன.

வெஸ்பாசியன் செய்த ஒரு காரியம் அந்த ஆண்டின் எல்லாப் போர்களையும்விட எனக்கு முக்கியமாகப் படுகிறது. செனட் அவருக்கு அதிகாரங்களை வழங்கியது 69 டிசம்பரில். அந்தத் தீர்மானத்தின் ஒரு பகுதி வெண்கலப் பலகையில் பொறிக்கப்பட்டு இன்றும் ரோமில் இருக்கிறது. ஆனால் வெஸ்பாசியன் தன் ஆட்சியை டிசம்பரிலிருந்து எண்ணவில்லை. எகிப்தில் இருந்த படைகள் தன்னை வாழ்த்திய ஜூலை 1இலிருந்தே எண்ணினார். ரோமுக்கு வெளியே, செனட்டைக் கேட்காமல், ஒரு பேரரசரை உருவாக்கலாம் என்பதை அந்த ஆண்டின் படைகள் வாளால் சொல்லின. வெஸ்பாசியன் அதை ஆவணத்திலேயே ஒப்புக்கொண்டார்.

அதன்பின் 96 முதல் 180 வரை ஐந்து ஆட்சிகள் அமைதியாகக் கைமாறின. தகுதியானவரைத் தத்தெடுக்கும் நல்ல மரபு என்று இதைப் புகழ்வது வழக்கம். நெர்வா, டிராஜன், ஹேட்ரியன், அந்தோனினஸ் நால்வருக்கும் பட்டத்துக்கு வர ஆண் வாரிசு இருக்கவில்லை என்பதே நிஜக் காரணம். மார்கஸ் ஒரேலியஸுக்கு மகன் இருந்தான், அரியணை அவனுக்குப் போனது. அந்த மகன் கொமோடஸ் 192இன் கடைசி நாளில் கொல்லப்பட்டதும் பழைய கதவு மறுபடி திறந்துகொண்டது.

விடுதலை பெற்ற அடிமை ஒருவரின் மகனாகப் பிறந்து, ஆசிரியராக இருந்து, படையில் சேர்ந்து படிப்படியாக உயர்ந்த பெர்டினாக்ஸ் பேரரசரானார். கஜானா காலி. காவற்படைக்கு 12,000 செஸ்டர்ஸ் சொல்லிப் பாதிதான் தர முடிந்தது. ஒழுங்கையும் கட்டாயப்படுத்தினார். 87ஆம் நாள் வீரர்கள் அரண்மனைக்குள் புகுந்தார்கள். ஓடி ஒளியாமல் எதிரே வந்து நின்று அவர்களிடம் பேசிப் பார்த்தார். கொன்றுவிட்டார்கள். அடுத்து நடந்ததுதான் இந்த வரலாற்றிலேயே வெட்கக்கேடான காட்சி. காவற்படைப் பாசறைச் சுவருக்கு உள்ளே பெர்டினாக்ஸின் மாமனார் சல்பிசியானஸ், வெளியே பணக்காரச் செனட்டர் டிடியஸ் ஜூலியானஸ். இருவரும் மாறி மாறி விலை ஏற்றினார்கள். 20,000 செஸ்டர்ஸ் வரை போனபோது, ஜூலியானஸ் ஒரே அடியாக 5,000 ஏற்றி 25,000 என்று கத்தி, விரல்களாலும் காட்டினார். பேரரசு அவருக்குப் போனது. அன்று செனட்டில் இருந்து இதையெல்லாம் பார்த்த காசியஸ் டியோ எழுதி வைத்ததால்தான் நமக்கு இந்த விவரங்கள் கிடைக்கின்றன.

ஜூலியானஸ் விலைக்கு வாங்கியது ரோம் நகரத்தில் இருந்த சில ஆயிரம் வீரர்களை மட்டும்தான். பேரரசின் உண்மையான படைபலம் மூன்று பெரும் கூட்டங்களாக எல்லைகளில் இருந்தது: ரைன் மற்றும் பிரிட்டனில் ஒன்று, டான்யூப்பில் ஒன்று, சிரியாவை ஒட்டிக் கிழக்கில் ஒன்று. சில வாரங்களிலேயே பிரிட்டன், டான்யூப், சிரியா என மூன்று பக்கமும் ஆளுக்கொரு போட்டியாளரை நிறுத்தின. வென்றது டான்யூப்பின் செப்டிமியஸ் செவரஸ். அவர் திறமைசாலி, சந்தேகமில்லை. ஆனால் வரைபடத்தைப் பார்த்தால் இன்னொரு காரணம் கண்ணில் படும். பெரிய படைகளில் இத்தாலிக்கு மிக அருகில் இருந்தது டான்யூப் படை. ஏப்ரல் 9 அன்று இன்றைய ஆஸ்திரியாவில் உள்ள கார்னுன்டமில் வாழ்த்துப் பெற்றவர் ஜூன் மாதம் ரோமில் இருந்தார். 66 நாள் ஆண்ட ஜூலியானஸ் அதற்குள் கொல்லப்பட்டிருந்தார். நான் என்ன தீங்கு செய்தேன், யாரைக் கொன்றேன் என்பதே அவரது கடைசி வார்த்தைகள் என்று டியோ பதிவு செய்கிறார்.

செவரஸ் பழைய காவற்படையைக் கலைத்து, தன் லீஜியன்களின், அதாவது ரோமின் பெரிய படைப்பிரிவுகளின், வீரர்களைக் கொண்டு நிரப்பினார். சம்பளத்தை உயர்த்தினார். புதிதாக மூன்று லீஜியன்களை உருவாக்கி, அவற்றில் இரண்டாம் பார்த்திகா என்ற லீஜியனை ரோமுக்குப் பக்கத்திலேயே, அல்பான் மலையில் நிறுத்தினார். 211இல் யார்க் நகரில் சாகும்போது மகன்களுக்கு அவர் சொன்னதாக டியோ எழுதுவது: ஒற்றுமையாக இருங்கள், வீரர்களுக்கு வாரிக் கொடுங்கள், மற்றவர்களைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். மூத்தவன் கரகல்லா ஒரே ஆண்டில் தம்பியைக் கொன்றான். வீரர்களுக்குக் கொடுப்பதில் மட்டும் அப்பா சொல்லைத் தட்டவில்லை, சம்பளத்தை இன்னும் ஏற்றினான்.

ஏற்றிய சம்பளத்தைக் குறைக்க முடியாது. முயன்ற, கரகல்லாவுக்கு அடுத்து வந்த மாக்ரினஸ் சுமார் ஓராண்டிலேயே உயிரையும் பதவியையும் இழந்தார். ஜெர்மானியருக்குப் பணம் கொடுத்துச் சமாதானம் பேச நினைத்த பேரரசர் அலெக்சாண்டர் செவரஸை 235இல் மைன்ஸ் அருகே, கூடாரத்தில் தாயோடு சேர்த்துக் கொன்றார்கள். அந்தப் பணம் எங்களுக்கு அல்லவா வரவேண்டும் என்பது வீரர்களின் எண்ணம். அவர்கள் தேர்ந்தெடுத்த மாக்சிமினஸ், சாதாரண வீரராகச் சேர்ந்து மேலே வந்தவர். மூன்றாண்டு ஆட்சியில் ஒருமுறைகூட ரோமுக்குள் கால் வைக்காதவர். அவர் சம்பளத்தை இரட்டிப்பாக்கினார். அந்தப் பணம் வரியாகவும் அபராதமாகவும் நிலக்கிழார்களிடமிருந்தும் நகரங்களின் பொது நிதியிலிருந்தும் வந்தது. 238ஆம் ஆண்டு அங்கேதான் தொடங்குகிறது. ஒரே ஆண்டில் ஆறு பேரரசர்களைப் பார்த்த அந்த ஆண்டைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

வட ஆப்பிரிக்காவில், இன்றைய துனிசியாவில் எல் ஜெம் என்று அழைக்கப்படும் திஸ்ட்ரஸ் நகரம். ஆலிவ் எண்ணெயால் செழித்த ஊர். அங்கே மாக்சிமினஸின் வரி அதிகாரி செல்வந்தக் குடும்பங்களை ஒவ்வொன்றாக அபராதத்தால் உருவிக்கொண்டிருந்தார். பொறுக்க முடியாத இளைஞர்கள் தங்கள் பண்ணையாட்களைத் தடி, கோடரிகளோடு இரவோடிரவாக வரவழைத்து அந்த அதிகாரியைக் கொன்றுவிட்டார்கள். கொன்ற பிறகுதான் பயம் வந்தது. இனித் தப்பிக்க ஒரே வழி, இது கொலை ஆகாமல் புரட்சி ஆவது. மாகாண ஆளுநர் கோர்டியனின் வீட்டுக்குள் வாளோடு புகுந்து, நீங்கள்தான் பேரரசர் என்றார்கள். கிட்டத்தட்ட 80 வயது கிழவர், கட்டிலில் ஓய்வாகப் படுத்திருந்தார். தரையில் விழுந்து கெஞ்சினார். மறுத்தால் இப்போதே சாவு, ஏற்றால் சாவு பின்னால் வரும். இந்த வயதில் பின்னால் வரும் சாவே மேல் என்று அவர் முடிவு செய்ததாக அக்காலத்து வரலாற்றாசிரியர் ஹெரோடியன் சொல்கிறார். மகனையும் கூட்டுப் பேரரசராக்கினார்.

ரோமில் செனட் ஆனந்தக் கூத்தாடியது. தங்களில் ஒருவர் பேரரசராகிவிட்டார் என்று உடனே அங்கீகரித்து, மாக்சிமினஸைப் பொது எதிரி என்று அறிவித்தது. ஆனால் பக்கத்து நுமிடியாவை ஆண்ட கபெலியானஸுக்குக் கோர்டியனோடு பழைய வழக்கு ஒன்று இருந்தது. அவரிடம் ஆப்பிரிக்காவின் ஒரே லீஜியனும் இருந்தது. கார்த்தேஜ் மக்கள் சமையல் கத்தியும் கோடரியும் வேட்டை ஈட்டியும் ஏந்தி எதிர்த்துப் போனார்கள். மகன் கோர்டியன் களத்தில் மாண்டான், தந்தை தூக்கு மாட்டிக்கொண்டார். இருவரின் ஆட்சியும் சுமார் மூன்று வாரம்தான்.

இப்போது செனட் மாட்டிக்கொண்டது. மாக்சிமினஸைப் பகைத்தாகிவிட்டது, பின்வாங்க வழியில்லை. தங்களுக்குள்ளேயே இருவரைத் தேர்ந்தெடுத்தார்கள்: படை அனுபவமுள்ள புபியேனஸ், உயர்குடிப் பால்பினஸ். தெருவில் கூடிய மக்களுக்கு இருவரையும் பிடிக்கவில்லை. கல்லெறிந்து, கோர்டியன் பெயர் வேண்டும் என்று கேட்டார்கள். கிழவரின் 13 வயதுப் பேரனை இளவரசராக்கிக் கூட்டத்தைச் சமாதானப்படுத்தினார்கள்.

மாக்சிமினஸ் டான்யூப்பிலிருந்து இறங்கி வந்தார். இத்தாலியின் வாசலில் அக்விலேயா நகரம் கதவை அடைத்துக்கொண்டது. ஆற்றுப்பாலம் உடைக்கப்பட்டிருந்ததால், ஊர்ப்புறத்தில் கிடந்த காலி மது பீப்பாய்களைக் கட்டி மிதக்கும் பாலம் அமைத்து வீரர்கள் ஆற்றைக் கடந்தார்கள். உள்ளே சாப்பாடு இருந்தது, வெளியே இல்லை. கொதிக்கும் கீலை மதில்மேலிருந்து ஊற்றினார்கள். வாரங்கள் போகப் போக முற்றுகையிட்டவர்கள் பட்டினி கிடந்தார்கள். அந்தப் படையில் இரண்டாம் பார்த்திகா லீஜியனும் இருந்தது. அவர்களுடைய மனைவி மக்கள் அல்பான் மலையில், அதாவது செனட்டின் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தார்கள். ரோமை மிரட்டிவைக்கச் செவரஸ் நிறுத்திய லீஜியனின் குடும்பங்கள் இப்போது ரோமின் பிணையாளிகள். ஒரு நாள் மதியம், எல்லோரும் ஓய்வில் இருந்தபோது, அந்த வீரர்கள் மாக்சிமினஸின் கூடாரத்துக்குப் போய் அவரையும் மகனையும் கொன்றார்கள். பிறகு அக்விலேயா மக்கள் மதில் மேலிருந்தபடியே அவர்களுக்கு உணவு விற்றார்கள்.

செனட் வென்றுவிட்டது என்றுதான் தோன்றும். புபியேனஸும் பால்பினஸும் வெளியிட்ட காசுகளில் இரண்டு கைகள் குலுக்கிக்கொண்டிருக்கும், சுற்றிலும் பரஸ்பர அன்பு, பரஸ்பர நம்பிக்கை என்று எழுத்து. நிஜத்தில் இருவரும் அரண்மனையின் தனித்தனிப் பகுதியில் இருந்துகொண்டு ஒருவரையொருவர் சந்தேகித்தார்கள். செனட் தேர்ந்தெடுத்த பேரரசர்களைச் சகிக்காத காவற்படை உள்ளே புகுந்தபோது, தனக்கு விசுவாசமான ஜெர்மானிய வீரர்களைக் கூப்பிடலாம் என்றார் புபியேனஸ். அது தனக்கு வைக்கும் பொறி என்று நினைத்துத் தடுத்தார் பால்பினஸ். வாக்குவாதம் முடிவதற்குள் இருவரையும் தெருவில் இழுத்துக்கொண்டு போனார்கள். ஜெர்மானியர் வருகிறார்கள் என்று தெரிந்ததும் நடுத்தெருவிலேயே வெட்டிப் போட்டுவிட்டுப் பாசறைக்குப் போனார்கள், கையில் 13 வயதுப் பையனோடு. ஆட்சி மொத்தம் 99 நாள்.

வீரர்களின் பக்கம் நின்று ஒரு கணக்கைப் பார்ப்பதும் அவசியம். பேராசை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டால் இந்தக் கணக்கு தெரியாமல் போய்விடும். இரண்டு ரோமப் படைகள் நேருக்கு நேர் நின்றால் இருபக்கமும் ஒரே ஆயுதம், ஒரே பயிற்சி. 197இல் லியோன் அருகே செவரஸும் அவருடைய பிரிட்டன் போட்டியாளர் அல்பினஸும் மோதியது போல முழுப்போர் நடந்தால் இரு பக்கமும் பிணக்குவியல்தான். எதிர்ப்பக்கம் படை பெரிது என்று தெரிந்ததும், தங்கள் பேரரசரைத் தாங்களே கொன்றுவிட்டால் போரே வேண்டாம். போகும் உயிர் ஒன்று. 253இல் ஒரே ஆண்டுக்குள் இது இரண்டு முறை நடந்தது. கோத்தியரை வென்ற எமிலியானஸ் டான்யூப்பிலிருந்து வர, அப்போது பேரரசராக இருந்த ட்ரெபோனியானஸ் காலஸை அவர் வீரர்களே கொன்றார்கள். சுமார் மூன்று மாதத்தில் வடக்கிலிருந்து வலேரியன் வர, எமிலியானஸை அவர் வீரர்களே கொன்றார்கள். 276இல் போட்டிப் பேரரசர் புரோபஸை எதிர்த்து டார்சஸ் வரை போன பேரரசர் ஃபுளோரியானஸுக்கும் அதே முடிவு. குறுகிய ஆட்சிகளில் பல, நடக்காமல் போன போர்களின் விலை.

சரி, ஏன் இது மூன்றாம் நூற்றாண்டில் இவ்வளவு மோசமாகிறது? எல்லைகள்தான் காரணம். 224இல் பாரசீகத்தில் சசானியர் ஆட்சி வந்தது. தளர்ந்துபோயிருந்த பார்த்தியர்களின் இடத்தில் துடிப்பான ஒரு பேரரசு. அதே தலைமுறையில் ரைன், டான்யூப் இரண்டிலும் ஜெர்மானியரும் கோத்தியரும் பெருங்கூட்டமாக வரத் தொடங்கினார்கள். பேரரசர் ஒருவர்தான், முனைகள் மூன்று. அவர் கிழக்கே போனால் ரைன் கரை வீரன் தன் ஊர் எரிவதைப் பார்க்கிறான். யார் வந்து காப்பாற்றுகிறாரோ அந்தத் தளபதியே அவனுக்குப் பேரரசர். வென்ற தளபதியைப் பார்த்துப் பேரரசர் அஞ்ச வேண்டியிருந்தது, தோற்ற தளபதியால் பயனில்லை. திறமையான ஒருவரை எங்கும் அனுப்ப முடியாத நிலை ஒரு பேரரசுக்கு வந்துவிட்டால் அது எப்படித் தன்னைக் காத்துக்கொள்ளும்?

வலேரியன் இதைப் புரிந்துகொண்டு, மகன் காலியேனஸிடம் மேற்கை ஒப்படைத்துவிட்டுத் தான் கிழக்கே போனார். 260இல் எடெசா அருகே பாரசீக மன்னர் முதலாம் ஷாப்பூரிடம் உயிரோடு பிடிபட்டார். ரோமப் பேரரசர் ஒருவர் கைதியானது அதுவே முதல்முறை. ஷாப்பூர் அந்த வெற்றியைப் பாறையில் செதுக்கிவைத்தார், இன்றும் ஈரானில் நக்ஷ்-இ ருஸ்தமில் அதைப் பார்க்கலாம். பேரரசு மூன்றாகப் பிரிந்தது. பிரான்ஸ், பிரிட்டன் பக்கம் போஸ்டுமஸ் தனி ஆட்சி அமைத்தார். கிழக்கைப் பல்மைரா நகரத் தலைவர் ஓடெனாதஸும், பிறகு அவர் மனைவி செனோபியாவும் பார்த்துக்கொண்டார்கள். போஸ்டுமஸ் ரோமைப் பிடிக்கப் போகவில்லை. ரைனைக் காத்தார், அதுவே தன் வேலை என்றிருந்தார். ஒன்பது ஆண்டு தாக்குப்பிடித்தவர், 269இல் ஒரு கலகக்காரனை வென்று, மைன்ஸ் நகரைக் கொள்ளையடிக்க வீரர்களை அனுமதிக்காததால் கொல்லப்பட்டார். தன் மக்களின் நகரம் அது என்பதே அவர் சொன்ன காரணமாக இருந்திருக்கும்.

இந்தக் காலத்தைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பாதி காசுகளிலிருந்து வருகிறது. புதுப் பேரரசரின் முதல் வேலை காசு அடிப்பது: வீரர்களுக்குக் கொடுக்க அது வேண்டும், முகத்தை ஊருக்கு அறிவிக்கவும் வேண்டும். 1900இல் பிரான்சில் நான்ட் அருகே டொமிட்டியானஸ் என்ற பேரரசரின் முகம் பொறித்த ஒரு காசு கிடைத்தது. அப்படி ஒரு ஆளே இல்லை, போலிக் காசு என்று பலர் ஒதுக்கினார்கள். 2003இல் இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்ட்ஷர் பகுதியில், ஒட்டிப்போன ஒரு பானைக் காசுக் குவியலில் அதே முகத்தோடு இன்னொன்று வந்தது. 271 வாக்கில் சில நாளோ வாரமோ ஆண்டிருக்கக்கூடிய ஒரு மனிதர் இரண்டு காசுகளால் வரலாற்றுக்குள் நுழைந்தார்.

அந்தக் காசுகளின் உலோகமும் கதை சொல்லும். 215இல் கரகல்லா அறிமுகப்படுத்திய வெள்ளிக் காசில் பாதியளவு வெள்ளி இருந்தது. 260களின் இறுதியில் அது 5 சதவீதத்துக்கும் கீழே போய்விட்டது. செம்பின்மேல் வெள்ளிப் பூச்சு, அவ்வளவுதான். கோவை, கரூர் வட்டாரங்களில் புதையலாகக் கிடைத்த ரோம வெள்ளிக் காசுகளில் மிகப் பெரும்பாலானவை அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்தவை, நல்ல வெள்ளி. வணிகத்தில் ஏற்கெனவே வேறு மாற்றங்கள் வந்திருந்தன என்றாலும், மூன்றாம் நூற்றாண்டின் அந்த மெலிந்த காசை வாங்கிப் புதைத்துவைக்க இங்கே யாரும் விரும்பியிருக்கமாட்டார்கள்.

காலியேனஸ் செனட்டர்களைப் படைத்தலைமையிலிருந்து விலக்கி, தொழில்முறை வீரர்களை மேலே கொண்டுவந்தார். டான்யூப் பகுதியில் பிறந்த அந்த அதிகாரிகள்தான் பேரரசைக் காப்பாற்றினார்கள். அவர்களில் பேரரசரான ஒரேலியன் ஐந்தே ஆண்டில் பிரிந்த மூன்று துண்டுகளையும் சேர்த்து, ரோமைச் சுற்றி சுமார் 19 கிலோமீட்டர் மதில் எழுப்பத் தொடங்கினார். ஆனால் கொல்லும் கை இப்போது பக்கத்துக் கூடாரத்துக்கு வந்துவிட்டது. காலியேனஸை அவருடைய உயர் அதிகாரிகளே கொன்றார்கள். ஒரேலியனின் செயலர் ஒருவர், தண்டனைக்குப் பயந்து, கொல்லப்படவேண்டியவர்கள் என்று ஒரு பொய்ப் பட்டியல் தயாரித்து அதிகாரிகளிடம் காட்டினார். அதை நம்பியவர்கள் 275இல் அவரைக் கொன்றார்கள். பட்டியலை நம்பியது அவர்களுடைய தவறு என்று சொல்லத் தோன்றவில்லை. அதுவரை நடந்ததையெல்லாம் பார்த்தவர்கள் வேறு எதை நம்பியிருப்பார்கள்?

284 நவம்பரில் நிக்கொமீடியா அருகே டயோக்ளீஷியனும் இதே வழியில்தான் வந்தார். படையின் முன்னால், முந்தைய பேரரசரைக் கொன்றதாகக் குற்றம்சாட்டி ஒரு அதிகாரியைத் தன் கையாலேயே குத்திக் கொன்றார். ஆனால் அவர் எல்லோரையும்விட ஒன்றைத் தெளிவாகப் பார்த்தார். முனைகள் பல என்றால் பேரரசர்களும் பலர் வேண்டும், படை அறிவிப்பதற்கு முன் நாமே அறிவித்துவிட வேண்டும். மாக்சிமியனைக் கூட்டாளியாக்கினார். 293இல் இரண்டு இளைய ஆட்சியாளர்களையும் சேர்த்து நால்வராட்சி அமைத்தார். மாகாணங்களைச் சிறிதாக உடைத்து, ஆளுநரிடமிருந்து படையைப் பிரித்தார். 20 ஆண்டுக்கு மேல் ஆண்டு, 305 மே 1 அன்று தானாகப் பதவி விலகினார். அதற்கு முன் எந்த ரோமப் பேரரசரும் அப்படிச் செய்ததில்லை.

அவர் விலகிய பிறகு அந்த ஏற்பாடு ஓராண்டைக் கொஞ்சம் தாண்டியது. 306 ஜூலையில் யார்க்கில், நால்வரில் ஒருவராக இருந்த கான்ஸ்டான்டியஸ் இறந்ததும், திட்டத்தில் பெயரே இல்லாத அவர் மகன் கான்ஸ்டன்டைனைப் படை வாழ்த்தியது. மூன்று மாதத்தில் ரோமின் காவற்படை மாக்சிமியனின் மகன் மாக்சென்டியஸை வாழ்த்தியது. மகன்களை ஒதுக்கிவிட்டுத் தகுதியைப் பார்க்கச் சொன்னார் டயோக்ளீஷியன். வீரர்களுக்கோ தெரிந்த தலைவரின் மகனே போதும். கான்ஸ்டன்டைன் 312இல் மாக்சென்டியஸை வென்று காவற்படையை அடியோடு கலைத்தார், 324இல் தனியாட்சி பெற்றார். அவர் 337இல் இறந்ததும், அவருடைய மூன்று மகன்களைத் தவிர யாரையும் ஏற்கமாட்டோம் என்று படை அறிவித்து, அவரது மாற்றாந்தாய்த் தம்பிகளையும் அவர்கள் குடும்பத்து ஆண்களையும் கொன்றது.

அந்தக் கொலைகளில் தப்பிய சிறுவர்களில் ஒருவர் ஜூலியன். 360இல் அவர் பாரிசில் இளைய ஆட்சியாளராக இருந்தார். அவரது சிறந்த படைப்பிரிவுகளைப் பாரசீகப் போருக்கு அனுப்பச் சொல்லிப் கான்ஸ்டன்டைனின் மகனான பேரரசர் இரண்டாம் கான்ஸ்டான்டியஸ் உத்தரவிட்டார். குடும்பங்களை ஜெர்மானியர் கையில் விட்டுவிட்டு உலகின் மறுகோடிக்குப் போக அந்த வீரர்களுக்கு மனமில்லை. இரவில் மாளிகையைச் சூழ்ந்து, விடிந்ததும் ஜூலியனைக் கேடயத்தில் தூக்கிவைத்தார்கள். மறுத்துப் பார்த்தார், முடியவில்லை. கிரீடம் கைவசம் இல்லாததால் ஒரு கொடி வீரரின் கழுத்துச் சங்கிலியைத் தலையில் சூட்டினார்கள். ஆளுக்கு ஐந்து பொற்காசும் ஒரு ராத்தல் வெள்ளியும் தருவதாக அவர் வாக்களித்தார். இரு படைகளும் ஒன்றையொன்று நோக்கி நடக்கத் தொடங்கின. 361 நவம்பரில் வழியிலேயே கான்ஸ்டான்டியஸ் நோயில் இறந்துபோனதால் அந்தப் போர் நடக்கவில்லை.